கட்டுரையும் இணைப்பும்: இணையதளத்துக்கு வாசகர் வரத்தைப் பெருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தளத்துக்கு வாசகரை அழைத்துவரும் கட்டுரை வேறு. பிற தளங்களிலிருந்து இணைப்பைப் பெற்றுத்தரும் கட்டுரை வேறு. இரண்டு வேலையையும் ஒரே கட்டுரை செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதால்தான், மாதக்கணக்கில் எழுதியும் பல தளங்கள் தேடல் முடிவுகளின் மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. டெல்டாப் பகுதியில் பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு சிறு தளத்தை இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ‘மாப்பிள்ளை சம்பா சாதம் வடிப்பது எப்படி’ என்ற கட்டுரையை ஏராளமானோர் தேடிப் படிப்பார்கள். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிக்கும் அவர்களில் சொந்தத் தளம் வைத்திருப்பவர் அரிது, ஆகவே இணைப்பும் அரிது. நாற்பது நெல் ரகங்களின் வயது, பட்டம் (விதைக்கும் பருவம்), பயிரின் உயரம், மணியின் நிறம் ஆகியவற்றைத் தொகுத்த அட்டவணையைச் சிலரே தேடுவார்கள். ஆனால் அந்தச் சிலர் வேளாண் செய்தி எழுதுபவர்கள், ஆய்வு மாணவர்கள், இயற்கை விவசாயக் குழுக்களின் தளங்களை நடத்துபவர்கள். அவர்கள்தாம் இணைப்புத் தருபவர்கள். முதல் வகைக் கட்டுரையை இரண்டாம் வகைக் கட்டுரை தாங்கி நிற்கும்படி தளத்தை அமைப்பதே இங்கே சொல்லப்போகும் முறை.

இணைப்புக்கு மதிப்பு வந்த கதை

லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 1998இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புத் தருகின்றன என்பதோடு, இணைப்புத் தரும் பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. கணக்கு வெளியே தெரிந்ததும் அதை ஏமாற்றும் தொழிலும் கிளம்பியது. ஒரே கட்டுரையைச் சொற்களை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைக் களஞ்சியங்களில் ஏற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் தன் தளத்துக்கு இணைப்பு வைப்பது பல ஆண்டுகள் வரை பலன் தந்தது. 2011 பிப்ரவரியில் கூகுளின் தரவரிசை முறையில் வந்த பாண்டா என்ற மாற்றம் அந்தக் களஞ்சியங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், செயற்கையான இணைப்புகளைக் கொண்ட தளங்களைத் தேடிப் பிடித்துத் தண்டித்தது. 2016இல் பெங்குவின் கூகுளின் அடிப்படைக் கணிப்புமுறைக்குள்ளேயே சேர்க்கப்பட்ட பிறகு, மோசமான இணைப்பால் தளம் முழுவதும் தண்டனை பெறுவது குறைந்து, அந்த இணைப்பு கணக்கிலேயே கொள்ளப்படாமல் போவது வழக்கமாயிற்று. காசு கொடுத்து வாங்கிய இணைப்பு இன்று பெரும்பாலும் தீங்கும் செய்வதில்லை, நன்மையும் செய்வதில்லை; காசு மட்டும் போகிறது.

கூகுளைச் சேர்ந்த கேரி இலியெஸ், தரவரிசையைத் தீர்மானிக்கும் முதல் மூன்று காரணிகளுள் இணைப்பு இப்போது இல்லை என்று 2023இல் வெளிப்படையாகவே கூறினார். இதைக் கேட்டு இணைப்பு செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. புதிய தளம் ஒன்றைக் கூகுள் கண்டறிவதற்கும், ஒரே பொருளில் ஏறக்குறைய ஒரே தரத்தில் எழுதப்பட்ட இருபது பக்கங்களில் எதை முன்னே வைப்பது என்று முடிவெடுப்பதற்கும் இணைப்பு இன்னும் உதவுகிறது. போட்டி குறைந்த தமிழ்த் தேடல்களில், பொருளோடு தொடர்புடைய நாலைந்து நல்ல இணைப்புகளே வேறுபாட்டைக் காட்டிவிடும் என்பது என் மதிப்பீடு.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுத்தல்

புதிதாக எதையும் எழுதுவதற்கு முன்பு கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்யவேண்டும். இது இலவசம், பதினாறு மாதத் தேடல் தரவைக் காட்டும். அதன் செயல்திறன் அறிக்கையில், தளம் சராசரியாக எட்டாம் இடம் முதல் இருபதாம் இடம் வரை தோன்றும் தேடல்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். அந்தப் பக்கங்களைக் கூகுள் ஏற்கெனவே பொருத்தமானவை என்று கருதுகிறது. முதல் பக்கத்தின் மேற்பகுதிக்கு ஏறும் வலு மட்டும் அவற்றுக்கு இல்லை. புதிய கட்டுரை பத்து எழுதுவதைவிட இத்தகைய கட்டுரை மூன்றைத் திருத்தி விரிப்பது விரைவில் பலன் தரும். அதே கன்சோலின் இணைப்பு அறிக்கை, எந்தத் தளங்கள் நமக்கு இணைப்புத் தருகின்றன, எந்தப் பக்கத்துக்குத் தருகின்றன, எந்தச் சொற்களின் மீது தருகின்றன என்ற மூன்றையும் காட்டும். அதையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

டொமைன் அதாரிட்டி, டொமைன் ரேட்டிங் என்று தளத்தின் வலுவை மதிப்பிடும் எண்களைக் காட்டி, இணைப்புக்கு விலை பேசுபவர்களைச் சந்திக்க நேரும். முன்னது மாஸ் நிறுவனத்தின் கணிப்பு. பின்னது ஏஹ்ரெஃப்ஸ் நிறுவனத்தின் கணிப்பு. இரண்டும் கூகுளுடையவை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க அவை பயன்படலாம். இலக்காகக் கொள்ளத் தகுந்தவை அல்ல.

இரண்டாம் படி: மக்கள் தேடும் சொற்கள்

ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கீவேர்டுக் கருவிகள் தமிழில் தரும் எண்ணிக்கைகளை நம்பித் திட்டமிட முடியாது. மிகச் சிறிய தேடல்களையெல்லாம் சுழியம் என்று காட்டிவிடுகின்றன. அதைவிட நம்பத்தக்கது, தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டத் தொடங்கும்போது விரியும் பரிந்துரைப் பட்டியலும், முடிவுகளுக்கிடையே கூகுள் காட்டும் தொடர்புடைய கேள்விகளும்தான். ‘கருப்பு கவுனி’ என்று தட்டிவிட்டு ஓர் இடைவெளி விட்டால், அடுத்து வருவது கஞ்சியா, விலையா, பயனா, விதைநெல்லா என்பது தெரியும். ஒவ்வொன்றும் வேறு ஆளின் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் தேவையா, ஒரே பக்கத்தில் துணைத்தலைப்பு போதுமா என்பதை, அத்தேடலுக்கு இப்போது முன்னிற்கும் பக்கங்களைத் திறந்து பார்த்தே முடிவுசெய்யவேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அதற்காகக் கட்டுரையைத் தங்கிலீஷில் எழுத வேண்டாம். ரகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருமுறை, படத்தின் விளக்கத்திலோ அட்டவணையின் ஒரு பத்தியிலோ கொடுத்தால் போதும். சந்தியும் அப்படித்தான். இலக்கணப்படி ஒற்று மிகவேண்டிய இடத்தில் மக்கள் ஒற்றில்லாமல் தேடுகிறார்கள் என்றால், கட்டுரைக்குள் இலக்கணத்தைக் காத்து, தலைப்பில் மக்கள் தட்டும் வடிவத்தை வைப்பதில் தவறில்லை.

மூன்றாம் படி: தேடுபவருக்கான கட்டுரை

கேட்ட கேள்விக்கு முதல் இரண்டு பத்திகளுக்குள் விடை இருக்கவேண்டும். அரிசியை எத்தனை மணிநேரம் ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர், குக்கரில் எத்தனை விசில், வடிகஞ்சியை என்ன செய்யலாம் என்று வாசகர் கேட்கும்போது, அரிசியின் தொன்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் அவர் திரும்பிப் போய்விடுவார். விடையைக் கொடுத்தபின் விரிவுக்குச் செல்லலாம். 2024இல் கூகுள் இந்தியாவிலும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களைத் தேடல் முடிவுகளின் தலையில் காட்டத் தொடங்கியது. ஒற்றை வரியில் சொல்லிவிடக்கூடிய விடையை மட்டும் கொண்ட கட்டுரைக்கு இனி சொடுக்கு விழுவது கடினம். தூயமல்லிக்கும் கருப்பு கவுனிக்கும் ஊறும் நேரம் ஏன் வேறுபடுகிறது, பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் அளவு எப்படி மாறுகிறது என்பன போன்று, அரிசியைக் கையாண்டவருக்கே தெரிந்த செய்திகள்தாம் சுருக்கத்தைத் தாண்டி வாசகரை உள்ளே இழுக்கும்.

பாரம்பரிய அரிசியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் மருத்துவப் பயன். ‘இதை உண்டால் சர்க்கரை நோய் குணமாகும்’ என்று எழுதினால் சொடுக்கு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. விற்பனைத் தளத்தில் அப்படி எழுதுவது சட்டச் சிக்கலை வரவழைக்கும். உடல்நலம் தொடர்பான பக்கங்களின் நம்பகத்தன்மையைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது என்பதும், பொறுப்புள்ள எந்தத் தளமும் அத்தகைய பக்கத்துக்கு இணைப்புத் தராது என்பதும் கூடுதல் காரணங்கள்.

நான்காம் படி: இணைப்பை ஈட்டும் பக்கம்

உழைப்பின் பெரும்பகுதியை இங்கேதான் செலவிடவேண்டும். இன்னொருவர் தம் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது, ‘இதற்குச் சான்று காட்ட ஒரு பக்கம் வேண்டுமே’ என்று தேடும் தருணத்தில் நம் பக்கம் அவர் கையில் அகப்படவேண்டும். கருத்துக்கு எவரும் இணைப்புத் தருவதில்லை. தரவுக்கும், படத்துக்கும், வேறெங்கும் தொகுக்கப்படாத பட்டியலுக்கும் தருகிறார்கள்.

அரிசித் தளத்துக்கு அத்தகைய பக்கம் ரக அட்டவணைதான். பூங்கார் குறுகிய வயதுடையது, மாப்பிள்ளை சம்பா ஏறக்குறைய 160 நாள் வயதுடையது, காட்டுயானம் அதைவிட நீண்டது என்பன போன்ற செய்திகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தளம் சொல்லும் நாள் கணக்கை இன்னொரு தளம் மறுக்கிறது. தளத்தை நடத்துபவர் தமக்கு நெல் தரும் உழவர்களிடம் விதைத்த நாளையும் அறுத்த நாளையும் கேட்டு, வட்டாரத்தையும் மண்ணின் தன்மையையும் குறித்து, ஒவ்வொரு வரிசையிலும் அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதினால், அந்த அட்டவணை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களில் உள்ள தகவலோடு வைத்து ஒப்பிடத்தக்க ஆவணமாகும். உழவரின் பெயரை அவருடைய இசைவோடு மட்டுமே குறிப்பிடவேண்டும். ஊர்ப் பெயர் போதுமானது.

அடுத்தது படம். ஒவ்வொரு ரகத்தின் நெல்லையும் அரிசியையும் வெள்ளைத் தாளில் பரப்பி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்த படங்கள் நாற்பது இருந்தால், அவை அட்டவணையைவிட அதிக இணைப்பை ஈட்டக்கூடும். அவற்றைப் பெயர் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டு, குறிப்பிடவேண்டிய வாசகத்தையும் இணைப்பையும் படத்தின் கீழேயே எழுதிவைக்கவேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு பெயரைக் குறிப்பிடாதவர்களை கூகுள் லென்ஸில் தேடிக் கண்டுபிடித்து, சண்டைக்குப் போகாமல், மூலப் பக்கத்தைக் குறிப்பிட முடியுமா என்று ஒரு வரி எழுதினால் பலர் உடனே சேர்த்துவிடுகிறார்கள். படத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் தளத்தின் பெயரைப் பதிப்பது இதற்கு நேரெதிரான பலனைத் தரும். அந்தப் படத்தை யாரும் எடுக்கமாட்டார்கள்.

காலமும் முக்கியம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திவந்த நெல் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் பாரம்பரிய நெல்லைப் பற்றிய செய்திகள் வருகின்றன; ஆடிப்பட்டத்துக்கும் சம்பாப் பட்டத்துக்கும் முன்பு விதைநெல் பற்றிய தேடல் கூடுகிறது. எழுதுபவர்கள் தேடத் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே பக்கம் வெளியாகி, கூகுளின் தேடல் பட்டியலுக்குள் போயிருக்கவேண்டும்.

ஐந்தாம் படி: முகவரியும் உள்ளிணைப்பும்

இணைப்பை ஈட்டும் பக்கத்திலிருந்து, வாசகரை அழைக்கும் பக்கத்துக்கும் விற்பனைப் பக்கத்துக்கும் உள்ளிணைப்புத் தரவேண்டும். அட்டவணையில் மாப்பிள்ளை சம்பா என்ற வரிசையிலேயே ‘சமைக்கும் முறை’ என்ற இணைப்பு இருந்தால், வெளியிலிருந்து அட்டவணைக்குக் கிடைத்த வலுவில் ஒரு பங்கு அங்கேயும் போய்ச் சேரும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு வெளியிணைப்புக்கு அலைவோர் மிகப் பலர்.

முகவரியைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்தில் முகவரி வைப்பதைக் கூகுள் நன்றாகவே புரிந்துகொள்கிறது. சிக்கல் மனிதர்களிடம்தான். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுவதால், முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒன்பது இடங்களுக்கு விரிகிறது. திரையில் மூன்றே எழுத்தான ‘அரிசி’ என்ற சொல் ஐந்து குறிகளால் ஆனது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் 45 இடங்களுக்கு நீள்கிறது. இதைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் இணைப்பு என்று எண்ணிச் சொடுக்கத் தயங்குகிறார். மின்னஞ்சலில் வரி உடைந்து இணைப்பே அறுந்துபோவதும் உண்டு. ஆகவே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களுக்குள் அமைப்பதே நல்லது.

ஆறாம் படி: கேட்டுப் பெறுதல்

நல்ல பக்கம் தானாகவே இணைப்பைப் பெறும் என்று சொல்வது பாதி உண்மை. அந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உரியவர்களுக்குத் தெரிவித்தாகவேண்டும். தமிழில் இதற்கு எளிதான வழி அறுந்த இணைப்புகளைத் தேடுவது. அதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. பல ஆண்டுகள் பிளாக்கர் வலைப்பூக்களை இந்தியாவிலிருந்து திறந்தவர்களுக்குக் கூகுள் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரியையே காட்டியது. படித்தவர்கள் அந்த முகவரியையே நகலெடுத்துத் தங்கள் கட்டுரைகளில் இணைப்பாக வைத்தார்கள். 2020இல் அந்த இன் முகவரி கூகுளின் கையை விட்டுப் போனதும் அத்தனை இணைப்புகளும் ஒரே வீச்சில் அறுந்தன. முடிவில் ‘காம்’ என்று மாற்றினால் மூலப் பக்கம் பெரும்பாலும் இன்னும் திறக்கும். வேளாண்மை, சித்த மருத்துவம், சமையல், ஊர் வரலாறு என்று எந்தத் துறையை எடுத்தாலும் பழைய தமிழ்த் தளங்களில் இப்படி அறுந்த இணைப்புகள் கிடக்கின்றன. உலாவியில் ஓர் இணைப்புச் சோதனை நீட்சியை நிறுவிவிட்டு, துறைசார்ந்த ஐம்பது பக்கங்களைத் திறந்து பார்த்தாலே ஒரு பட்டியல் கிடைத்துவிடும்.

தளத்தை நடத்துபவருக்கு எழுதும் மடல் சுருக்கமாகவும், அவருக்குப் பயன்படுவதாகவும் இருக்கவேண்டும். ஏறக்குறைய இப்படி:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் தளத்தில் பாரம்பரிய நெல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதன் மூன்றாம் பத்தியில் கிச்சிலிச் சம்பா என்ற சொல்லின்மேல் உள்ள இணைப்பு இப்போது திறக்கவில்லை. அந்த வலைப்பூ இன்னும் இருக்கிறது. முகவரியின் முடிவில் உள்ள இன் என்பதைக் காம் என்று மாற்றினால் திறக்கிறது. அடுத்த பத்தியில் தூயமல்லிக்குத் தந்துள்ள இணைப்பின் மூலப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. அந்த ரகத்தின் வயது, பட்டம், மணியின் படம் ஆகியவற்றை எங்கள் பக்கத்தில் தொகுத்திருக்கிறோம். பொருத்தமென்று தோன்றினால் பயன்படுத்திக்கொள்ளலாம். நன்றி.’

இந்த மடலில் முதலில் செய்த உதவிக்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும். எந்தச் சொல்லின்மேல் இணைப்பு வைக்கவேண்டும் என்று கேட்கவும் இல்லை. ‘பாரம்பரிய அரிசி குறைந்த விலையில் வாங்க’ என்ற ஒரே சொற்றொடரின்மேல் பல தளங்களிலிருந்து இணைப்பு வந்தால், அது திட்டமிட்ட வேலை என்பது இயந்திரத்துக்கும் தெரியும், மனிதருக்கும் தெரியும். அவரவர் விருப்பப்படி ‘இந்த அட்டவணை’, ‘இங்கே காண்க’ என்று வருவதே இயல்பு. மறுமொழி வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளவேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ என்ற குறியுடன் இணைப்புத் தருபவர்களும் உண்டு. 2005இல் அறிமுகமான இக்குறியை 2019இல் கூகுள் கட்டளை என்ற நிலையிலிருந்து குறிப்பு என்ற நிலைக்கு மாற்றியது. கட்டண இணைப்புக்கும் பயனர் எழுதும் இணைப்புக்கும் தனிக் குறிகளையும் அப்போதே கொண்டுவந்தது. வாசகர் அதன்வழி வருவார் என்றால் நோஃபாலோ இணைப்பும் நல்ல இணைப்பே. விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகள் எல்லாமே இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் தம் தளத்தைத் தாமே அங்கே போய்ச் சேர்ப்பது விக்கிப்பீடியர்கள் வெறுக்கும் செயல். பேச்சுப் பக்கத்தில் மூலத்தைச் சுட்டிவிட்டு முடிவை அவர்களிடம் விட்டுவிடுவதே முறை.

ஏழாம் படி: பிற தளங்களில் எழுதுதல்

கூகுளின் மேட் கட்ஸ் 2014 ஜனவரியில், இணைப்புக்காக விருந்தினர் கட்டுரை எழுதும் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார். அவர் குறிப்பிட்டது மொத்த வியாபாரமாகிவிட்ட கட்டுரைகளை. துறைசார்ந்த இதழிலோ தமிழ்ச் சங்கத்தின் தளத்திலோ ஒருவர் தம் பெயரில், அங்குள்ள வாசகருக்கென்றே எழுதும் கட்டுரைக்கு இன்றும் மதிப்புண்டு. அளவுகோல் எளிது: இணைப்பே கிடைக்காது என்றாலும் அந்த இடத்தில் இதை எழுதுவோமா? எழுதுவோம் என்றால் எழுதலாம். தம் தளத்தில் உள்ள கட்டுரையையே அங்கும் அனுப்பக்கூடாது. அப்படி அனுப்பினால் பெரிய தளத்தில் உள்ள படியே தேடலில் முன்னே வந்து, மூலம் பின்தங்கிவிடும். வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு எந்த ரகம் அங்கே கிடைக்கும், கிடைத்ததை எப்படிச் சேமிப்பது என்பது போல, நம் தளத்தில் இல்லாத கோணத்தை அங்கே எழுதி, விரிவான அட்டவணைக்கு ஓர் இணைப்பு தருவது பொருத்தமாக இருக்கும்.

‘ஐந்நூறு இணைப்பு, ஒரே வாரத்தில்’ என்ற விளம்பரங்களையும், நீ எனக்கு நான் உனக்கு என்று பெரிய அளவில் நடக்கும் இணைப்புப் பரிமாற்றங்களையும், காலாவதியான டொமைன்களை வாங்கி அவற்றிலிருந்து இணைப்புத் தருவதையும் தவிர்க்கவேண்டும். காலாவதியான டொமைனின் பழைய மதிப்பைக் கொண்டு தரமற்ற பக்கங்களை முன்னேற்றுவதையும், இயந்திரத்தால் கட்டுரைகளை மொத்தமாகப் பெருக்குவதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் கொள்கைகளில் பெயர் சொல்லியே சேர்த்தது.

பலனை அளத்தலும் பராமரித்தலும்

புதிய இணைப்பின் பலன் தரவரிசையில் தெரிவதற்குப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். ஆகவே தினமும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, புதிதாக எத்தனை தளங்கள் இணைப்புத் தந்துள்ளன, எட்டாம் இடம் முதல் இருபதாம் இடம் வரை இருந்த தேடல்கள் நகர்ந்தனவா என்ற இரண்டையும் குறித்துவைத்தால் போதும். அறிமுகமில்லாத அந்நிய மொழித் தளங்கள் பட்டியலில் தெரிந்தால் பதற வேண்டாம். எல்லாத் தளங்களுக்கும் அவை வந்து ஒட்டிக்கொள்கின்றன. குறிப்பிட்ட இணைப்புகளைக் கணக்கில் கொள்ளவேண்டாம் என்று தெரிவிப்பதற்காக 2012இல் கூகுள் தந்த டிஸ்அவோ கருவி, கூகுளின் பணியாளரே பார்த்து விதிக்கும் தண்டனையான கைமுறை நடவடிக்கை பற்றி அறிவிப்பு வந்தவர்களுக்கும், காசு கொடுத்து இணைப்பு வாங்கியதால் அது வரக்கூடும் என்று அஞ்சுபவர்களுக்கும் உரியது. மற்றவர்கள் அதைத் தொட்டால் நல்ல இணைப்பையும் சேர்த்தே இழக்கக்கூடும்.

தளத்தின் அமைப்பை மாற்றும்போது பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு, பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் 301 வகைத் திருப்பத்தால் அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த இணைப்புகள் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பில் போய் முட்டி நிற்கும். ரக அட்டவணையை ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் புதுப்பித்து, புதுப்பித்த தேதியைப் பக்கத்தின் மேலேயே காட்டவேண்டும். தலைப்பில் ஆண்டைக் குறிப்பிடலாம், முகவரியில் குறிப்பிடக்கூடாது. முகவரியில் ஆண்டு இருந்தால் அடுத்த பட்டத்துக்குப் புதுப் பக்கம் தொடங்கத் தோன்றும். அதுவரை சேர்ந்த இணைப்புகள் எல்லாம் பழைய பக்கத்தோடே நின்றுவிடும்.